காலை ஸ்மூத்தியைத் தராசில் வைத்துத் திருத்திய பதிவு

உடம்பு குறைய காலையில் ஸ்மூத்தி குடிக்கலாமா என்றால், ஒரே சொல்லில் பதில் கிடையாது. ஜாரில் என்ன விழுகிறது, எத்தனை கிராம் விழுகிறது, அந்த டம்ளர் இட்லிக்குப் பதிலாகவா இட்லிக்கு மேலாகவா, குடித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்ற நான்கும் தெரிந்தால்தான் சொல்ல முடியும். ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கத்து வீடுகளில் அரைக்கக்கூடிய சாதாரண ஸ்மூத்தி ஒன்றை எடுத்து, தராசில் வைத்துப் பிரித்து, ஒவ்வொரு பொருளாக மாற்றி, எடை குறைக்க உண்மையிலேயே உதவும் காலை உணவாக ஆக்கும் வேலை இது. மாற்றாகப் போடும் பொருட்கள் எல்லாம் இந்தக் கரையோரக் கடைகளில் கிடைப்பவைதான்.

அளப்பது

ஒரு கிராம் வரை காட்டும் கிச்சன் தராசு ஒன்று வேண்டும். கரண்டிக் கணக்கை நம்ப முடியாது. தேன் கரண்டியில் குவிந்து நிற்கும். "ஒரு பிடி ஓட்ஸ்" ஒருவர் கையில் 30 கிராம், இன்னொருவர் கையில் 50 கிராம். ஜாரையே தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகப் போட்டுக் குறித்துக்கொண்டே போவது சுலபம். வீட்டு எவர்சில்வர் டம்ளர்களும் ஒரே அளவில் இருக்காது. தண்ணீர் நிரப்பி எடைபோட்டால் எத்தனை மில்லி பிடிக்கும் என்று தெரிந்துவிடும்.

கடற்கரை வீடுகளில் இந்தத் தராசுக்கே ஒரு தொல்லை உண்டு. உப்புக் காற்றில் பேட்டரி முனைகளில் பச்சைப் பூ பூத்து, எண் நிலையில்லாமல் ஆடும். முனைகளை எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து, ஈரத்துணியால் ஒற்றி, நன்றாகக் காய்ந்த பிறகு பேட்டரியைப் போட்டால் சரியாகும். மூடி உள்ள டப்பாவில் வைத்துக்கொண்டால் அடுத்த முறை வராது.

திருத்துவதற்கு முன்

திருத்த எடுத்துக்கொண்ட ஸ்மூத்தி இது: ஆரஞ்சு பாக்கெட் பால் 300 மி.லி., செவ்வாழைப்பழம் ஒன்று (தோல் நீக்கி 120 கிராம்), பேரீச்சை நான்கு, ஓட்ஸ் 30 கிராம், பாதாம் பத்து, தேன் ஒரு மேசைக்கரண்டி. ஒவ்வொன்றும் நல்ல பொருள் என்றுதான் யாரும் சொல்வார்கள். கணக்கைப் பார்ப்போம். ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், ஆகவே 300 மில்லிக்கு ஏறத்தாழ 260 கலோரி. வாழைப்பழம் 115. பேரீச்சை 90. ஓட்ஸ் 115. பாதாம் 70. தேன் 60-க்குக் கொஞ்சம் மேல். கூட்டினால் 710 கலோரி.

இதன் பக்கத்தில் நான்கு இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், இரண்டு கரண்டி தேங்காய்ச் சட்னி வைத்துப் பாருங்கள். மொத்தம் 380 கலோரி சுற்றி வரும். அதாவது, உடம்பு குறைய வேண்டும் என்று இட்லியை விட்டுவிட்டு இந்த டம்ளருக்கு மாறியவர், தினமும் 300 கலோரிக்கு மேல் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறார். இட்லியையும் தின்று ஸ்மூத்தியையும் குடித்தால் சொல்லவே வேண்டாம். எடை ஏறுவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

காலை உணவு சாப்பிட்டாலே எடை குறையும் என்ற நம்பிக்கையையும் இங்கேயே ஓரமாக வைத்துவிடலாம். 2019-ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் 13 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை வந்தது. காலை உணவு சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர்களைவிட நாளொன்றுக்குச் சராசரியாக 260 கலோரி அதிகம் எடுத்தார்கள். எடையும் சற்று கூடுதலாகவே இருந்தது. காலையில் பசிக்காதவர் எடை குறைவதற்காகவென்று வலிந்து ஒரு டம்ளர் குடிக்கத் தேவையில்லை. பசிப்பவருக்குத்தான் இந்த வேலையெல்லாம்.

குடித்தால் ஏன் பசி அடங்குவதில்லை

2009-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் செய்த ஒரு சோதனை இந்த விஷயத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. மதிய உணவுக்கு முன், ஒரே அளவு கலோரி வரும்படி ஆப்பிளை நான்கு விதமாகக் கொடுத்தார்கள்: துண்டுகளாக, மசித்த கூழாக, நார்ச்சத்து சேர்த்த சாறாக, சேர்க்காத சாறாக. துண்டுகளை மென்று தின்றவர்கள், முன்னதாக எதுவும் சாப்பிடாத நாளோடு ஒப்பிட்டால், அந்த வேளையில் மொத்தமாக 15 சதவீதம் குறைவாக உண்டார்கள். கூழ் அதற்கு அடுத்தபடி. சாறு கடைசி. சாற்றில் நார்ச்சத்தைச் சேர்த்ததால் பசி கூடுதலாக அடங்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

மிக்ஸியில் அடித்தால் நார்ச்சத்து செத்துப்போகும் என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. அரைத்தால் நார் பொடியாகும், காணாமல் போகாது, வடிகட்டினால்தான் போகும். தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று பழத்தை மென்று தின்னக் கால் மணி நேரம் ஆகும். வழியிலேயே போதும் என்று தோன்றும். அதே மூன்று பழம் டம்ளரில் இருந்தால் ஒரு நிமிடத்தில் உள்ளே போய்விடும். வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும். ஆகவே திருத்த வேண்டியவை மூன்று: இனிப்பை எடுப்பது, புரதத்தைக் கூட்டுவது, கரண்டியால் சாப்பிடும் பதத்துக்குக் கெட்டியாக்குவது.

ஒவ்வொன்றாக மாற்றுவது

முதலில் தேனையும் பேரீச்சையையும் எடுத்துவிட வேண்டும். 710-லிருந்து 560-க்கு இறங்கிவிடும். தேனுக்குப் பதில் கருப்பட்டி போட்டால் நல்லதுதானே என்று சாயல்குடிப் பக்கம் கட்டாயம் கேட்பார்கள். கருப்பட்டி அருமையான பொருள். பனையேறிகளின் உழைப்புக்கு மரியாதை கொடுத்து வாங்க வேண்டிய பொருளும்கூட. ஆனால் எடைக் கணக்கில் அது சர்க்கரைதான். பத்து கிராமில் ஏறத்தாழ 38 கலோரி. வேண்டுமானால் வாரத்தில் ஒரு நாள் சுக்குக் காபியில் ரசித்துக் குடிக்கலாம். தினசரி டம்ளரில் வேண்டாம்.

இரண்டாவது, பாலை மாற்றித் தயிர். நீல பாக்கெட் பாலில் (கொழுப்பு 3 சதவீதம்) உறைய வைத்த கெட்டித் தயிர் 200 கிராம் போட்டால் 120 கலோரி. பாலில் வந்ததைவிட 140 குறைவு. பால் நீராக நிற்கும், தயிர் கூழாக நிற்கும் என்பதும் ஒரு ஆதாயம். பால் குடித்தால் வயிறு உப்பும் சிலருக்கும் தயிர் ஒத்துக்கொள்ளும்.

இங்கே தயிர் உறைய வைப்பதில் கவனம் வேண்டும். சித்திரை, வைகாசி வெக்கையில் நான்கைந்து மணி நேரத்தில் தயிர் உறைந்துவிடும். இரவு ஒன்பது மணிக்கு உறை ஊற்றிவிட்டுத் தூங்கினால் விடியும்போது புளித்துப் போயிருக்கும். புளிப்பை மறைக்கச் சர்க்கரை போடும் ஆசை வரும். எடுத்ததெல்லாம் திரும்பி வந்துவிடும். அதனால் மாலை ஐந்து மணிக்கு, காய்ச்சிய பால் விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், அரை லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி உறைமோர் விட்டுக் கலக்கி, அசைக்காமல் மூடி வையுங்கள். படுக்கப் போகும்முன் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்து, உறைந்திருந்தால் ஃபிரிட்ஜில் ஏற்றிவிடுங்கள். காலையில் புளிப்பில்லாத, கரண்டியில் வெட்டி எடுக்கும் தயிர் இருக்கும். இன்னும் கெட்டி வேண்டும் என்றால் மெல்லிய வெள்ளைத் துணியில் கட்டி, வடிதட்டில் வைத்து ஃபிரிட்ஜிலேயே மூன்று மணி நேரம் வடியவிடலாம். எடை ஏறக்குறைய பாதியாகும். புரதத்தில் பெரும்பகுதி துணிக்குள்ளேயே நிற்கும். வடிந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், சப்பாத்தி மாவு பிசைய நன்றாக இருக்கும்.

மூன்றாவது, பழம். செவ்வாழையை எடுத்துவிட்டுக் கொய்யா 100 கிராம். கலோரி 65 அளவு, நார்ச்சத்து 5 கிராமுக்குக் குறையாது. கொய்யா கிடைக்காத நாளில் பப்பாளி. இனிப்பு இல்லாமல் தொண்டையில் இறங்காது என்பவர்கள் பூவன் பழத்தில் பாதி சேர்த்துக்கொள்ளலாம், 30 கலோரிதான் கூடும். மாம்பழக் காலத்தில் மாம்பழத்தை ஜாரில் போடாமல் தனியாக மதியம் கடித்துத் தின்பதே நல்லது. ஜாரில் போட்டால் ஒன்று மூன்றாகும்.

நான்காவது மாற்றம்தான் இந்த வேலையின் உயிர். ஓட்ஸையும் பாதாமையும் எடுத்துவிட்டுப் பொட்டுக்கடலை 30 கிராம். கலோரி 110, புரதம் ஆறரை கிராம். ஓட்ஸும் பாதாமும் சேர்ந்து 185 கலோரி எடுத்துக்கொண்டு கொடுத்த புரதமும் அதே அளவுதான். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டது என்பதால் வேகவைக்காமல் அப்படியே சாப்பிடலாம். பீகாரில் வறுத்த கடலை மாவை 'சத்து' என்ற பெயரில் தண்ணீரில் கரைத்து வெயிலுக்குக் குடிப்பார்கள், அதே தத்துவம். பஜ்ஜி போடும் பச்சைக் கடலை மாவை மட்டும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. வேகாத மாவு வயிற்றைப் புரட்டும்.

கடைசியாக, சப்ஜா விதை ஒரு தேக்கரண்டி. கால் டம்ளர் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறினால் ஒவ்வொரு விதையும் கண்ணாடிச் சவ்வு போர்த்திக்கொண்டு வழுவழுவென்று நிற்கும். இதை அரைக்கக் கூடாது, கடைசியில் கலக்க வேண்டும். காய்ந்த விதையை அப்படியே வாயில் போடவும் கூடாது. தொண்டையில் உப்பி அடைத்துக்கொள்ளும்.

இப்போது கூட்டினால் 315 கலோரி, புரதம் 15 கிராம். முதலில் இருந்த டம்ளர் 710 கலோரியில் கொடுத்த புரதம் 18 கிராம். ஒரு அவித்த முட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் 385 கலோரி, 21 கிராம். நான்கு இட்லிக்குச் சமமான கலோரி, புரதம் அதைப்போல ஏறத்தாழ இருமடங்கு. பச்சை முட்டையை ஜாரில் உடைத்து ஊற்றுவது வேண்டாம், கிருமித் தொற்று வரும். கடையில் விற்கும் புரதப் பவுடரும் இதற்குத் தேவையில்லை.

அரைக்கும் வரிசை

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஓட்டினால் பொட்டுக்கடலை நறநறவென்று நிற்கும், தயிர் நுரைத்துப்போகும். காய்ந்த சட்னி ஜாரில் பொட்டுக்கடலையை முதலில் மாவாகப் பொடித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சேர்த்துப் பொடித்து, காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைக்கலாம். வெளியில் வைத்தால் கடற்கரை ஈரப்பதத்தில் இரண்டு மூன்று நாளிலேயே கட்டி கட்டியாகிச் சிக்கு வாடை அடிக்கும். வேர்க்கடலை சேர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கருத்ததும் பூஞ்சை பட்டதும் ஒன்றிரண்டு இருந்தாலும் பொறுக்கி எறியுங்கள். அதில் வரும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது.

பழத்தை இரண்டாகப் பிரியுங்கள். பாதியைப் பெரிய ஜாரில் 50 மில்லி தண்ணீரோடு, பட்டனை விட்டுவிட்டு நான்கைந்து தடவை அழுத்தி மசிக்க வேண்டும். ஒரே ஓட்டமாக ஓட்டினால் கொய்யா விதை உடைந்து மணல் போல் நாக்கில் படும். வடிகட்டினால் விதையோடு நாரும் போய்விடும், அதைச் செய்ய வேண்டாம். தயிரை ஜாரில் போடவே தேவையில்லை. கிண்ணத்தில் மத்தால் நான்கு கடை கடைந்தால் போதும். அதில் மசித்த பழம், பொட்டுக்கடலை மாவு, சப்ஜா, ஒரு சிட்டிகை உப்பு, தட்டிய இஞ்சி அல்லது ஏலக்காய் சேர்த்துக் கலக்கி, மீதிப் பழத்தைச் சிறு துண்டாக நறுக்கி மேலே போடுங்கள். கரண்டியால் அள்ளி, துண்டுகளை மென்று, பத்து நிமிடத்துக்குக் குறையாமல் சாப்பிட வேண்டும். கலக்கி அரைமணி நேரம் வைத்தால் மாவு தண்ணீரை இழுத்துக் களி போல் இறுகிவிடும். அலுவலகத்துக்கு எடுத்துப் போகிறவர்கள் மாவைத் தனிப் பொட்டலமாகக் கொண்டுபோய் அங்கே கலந்துகொள்ளலாம்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு வார்த்தை. இந்த மாவட்டத்தில் பல ஊர்களின் போர் தண்ணீர் உவர்ப்பு; எந்தப் பழத்தின் மணத்தையும் கெடுத்துவிடும். காவிரிக் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்தோ, கேன் தண்ணீரோ பயன்படுத்துங்கள். உவர்த் தண்ணீரில் கலந்தால் மேற்கொண்டு உப்புச் சேர்க்க வேண்டாம்.

மிக்ஸி ஜார்

கடலோரத்தில் ஜார்கள் சீக்கிரம் கெடும். தயிரின் புளிப்பும் காற்றில் வரும் உப்பும் சேர்ந்து பிளேடு தண்டு சுற்றும் புஷ்ஷைத் தின்றுவிடும். முதல் அடையாளம், அரைத்து முடித்ததும் மிக்ஸி மேல் கருத்த தண்ணீர் ஒரு சொட்டு. அதைப் பார்த்ததும் ஜாரைக் கவிழ்த்து, கீழே உள்ள கப்ளரைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றோ இறுக்கமாகவோ சுற்றினால் புஷ், வாஷர் இரண்டையும் மாற்ற வேண்டும். மிக்ஸி சர்வீஸ் கடையில் சீக்கிரம் முடிகிற வேலை. தள்ளிப்போட்டால் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கிவிடும், பிறகு செலவு பெரிது.

வேலை முடிந்த கையோடு ஜாரில் அரை டம்ளர் தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு ஐந்து வினாடி ஓட்டி, அலசி, கவிழ்த்து உலரவிடுங்கள். மூடியின் ரப்பர் வளையத்தை வாரம் ஒரு முறை கழற்றிக் கழுவுங்கள். எப்போதும் ஒரு புளித்த வாடை வருகிறதென்றால் அது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கெட்டியாகப் போட்டு ஓட்டும்போது மிக்ஸி சட்டென்று நின்றால் பயப்பட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிடம் ஆறவிட்டு, அடியில் இருக்கும் சிவப்புப் பட்டனை அழுத்தி, தண்ணீர் கொஞ்சம் கூட்டிப் பட்டனை விட்டுவிட்டு அழுத்தி ஓட்டுங்கள்.

உப்பு, காரம் போட்டது

காலையிலேயே பழ வாசனை பிடிக்காதவர்களுக்கு இதே அளவுகளில் மோர்ப் பாணி ஒன்று. தயிர் 200 கிராம், பொட்டுக்கடலை மாவு 30 கிராம், துருவிய வெள்ளரிக்காய் 100 கிராம், இஞ்சி, கறிவேப்பிலை, வறுத்த முண்டு மிளகாயில் கால் பங்கு நொறுக்கியது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற அதே ராமநாதபுரம் குண்டு மிளகாய்தான்; சின்னத் துண்டே போதும். கலோரி 260 அளவில் நிற்கும். எங்களைக் கேட்டால் இதுவே மேல். இனிப்பு ருசியே இல்லாததால், பத்து மணிக்கு இன்னொரு இனிப்பைத் தேடும் நாக்கு அடங்கியிருக்கும்.

கம்மங்கூழும் இந்தக் கணக்கில் சோடை போகாது. 30 கிராம் கம்பு மாவைக் காய்ச்சி, இரவு முழுக்கப் புளிக்கவிட்டு, காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தோடு குடித்தால் 170 கலோரிக்குள் அடங்கும். குறை புரதத்தில்தான். ஒரு முட்டையோ, பொட்டுக்கடலை மாவு ஒரு பிடியோ சேர்த்துக்கொள்ள வேண்டும். கருவாடு தொட்டுக்கொள்வது இந்தக் கரையின் வழக்கம். புரதம் நிறைய, உப்பும் நிறைய. நெத்திலிக் கருவாட்டை வெந்நீரில் இரண்டு முறை அலசி, ஊறவைத்துப் பிழிந்த பிறகே சுடுங்கள். முதல் நாள் உப்புக் கருவாடு சாப்பிட்டிருந்தால் மறுநாள் எடைக் கருவியில் அரைக் கிலோ, ஒரு கிலோ கூடித் தெரியலாம். உப்பு பிடித்து வைத்த தண்ணீர் அது, கொழுப்பு இல்லை. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கருவாட்டைத் தவிர்ப்பதே நல்லது.

நுங்கும் தடைக்காலமும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்களுக்குக் கடல் வேலை இல்லை. தட்டில் விழும் சோறு மட்டும் அதே அளவு. இடுப்பு ஏறுவதற்கு வாய்ப்பான காலம் அது. நுங்குக் காலமும் அதுவே என்பது நல்லதாய்ப் போயிற்று. நுங்கில் கலோரி மிகக் குறைவு, தண்ணீர்தான் நிறைய. நான்கு சுளையை மேல் தோலோடு கையால் நசுக்கித் தயிர்க் கலவையில் போடுங்கள். மிக்ஸியில் போட்டால் நீராகிவிடும், மெல்ல எதுவும் மிஞ்சாது. நுங்கை மட்டும் தின்றால் பசி தாங்காது, பொட்டுக்கடலை மாவைக் குறைக்கக் கூடாது. நுங்கோடு பதநீர் ஊற்றிக் குடிப்பது தனிச் சுகம்தான். ஆனால் பதநீரில் நூறு மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை உண்டு. அதை ஒரு தனி விருந்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் வீடுகளில் நோன்புக்குக் கடல்பாசி காய்ச்சுவார்கள். சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் இல்லாமல் அதையே நம் வேலைக்குப் பயன்படுத்தலாம். கடையில் விற்கும் கடல்பாசி இழை 2 கிராமை 200 மில்லி தண்ணீரில் ஊறவைத்து, இழை முழுதும் கரையும்வரை கொதிக்கவிட்டு, ஆறவைத்தால் உறைந்துவிடும். வெட்டிப் போட்டால் கலோரி ஏறாமல் கிண்ணம் நிறையும், மெல்லவும் வேலை இருக்கும். கொதிக்காத இழை கரையாது. வெந்நீரில் முக்கி எடுப்பது போதாது. மண்டபம் பக்கம் மூங்கில் மிதவையில் வளர்த்துக் கரையில் காயப்போட்டிருக்கும் பாசியை எடுத்து இப்படிச் செய்யக் கூடாது. அது ஆலைக்குப் போகும் கச்சாப் பொருள், மணலும் உப்பும் கலந்தது.

நோன்பு நாளில் விடியும் முன் சாப்பிடும் சஹருக்கு இந்தத் தயிர்க் கிண்ணம் நன்றாகப் பொருந்தும். உப்பை மட்டும் எடுத்துவிடுங்கள், பகலில் தாகம் குறையும்.

சரிவராவிட்டால்

பப்பாளி போட்டது கசக்கிறது என்றால் காரணம் பப்பாளியில் உள்ள நொதி. பால், தயிரின் புரதத்தை அது உடைக்க உடைக்கக் கசப்பு ஏறும். அரைகுறையாகப் பழுத்ததில் கூடுதல். நன்றாகப் பழுத்ததை எடுத்து, கலந்ததும் சாப்பிட்டுவிட வேண்டும். முதல் நாள் இரவே கலந்து வைக்கக் கூடாது. அன்னாசிக்கும் இதே விதி.

வயிறு உப்பினால், திடீரென்று பொட்டுக்கடலையும் கொய்யாவும் சேர்ந்து வந்ததால் இருக்கும். மாவை 15 கிராமில் ஆரம்பித்து இரண்டு வாரத்தில் 30-க்கு ஏற்றுங்கள்.

பதினோரு மணிக்கு முன்பே பசித்தால் பழத்தைக் கூட்டாதீர்கள். முட்டையைச் சேருங்கள், அல்லது வடித்த தயிருக்கு மாறுங்கள். அதற்கும் பசித்தால் உங்களுக்கு இட்லி சாம்பாரே ஒத்துவரும் உணவு. இட்லியை மூன்றாக்கி, சாம்பாரில் பருப்பைக் கூட்டி, சட்னியைக் குறைத்தால் இதே பலன்தான்.

எடை இறங்கவில்லை என்றால் கிண்ணத்தை விட்டு மற்ற நேரங்களைப் பாருங்கள். பதினோரு மணி டீயும் உளுந்து வடையும், மதியம் "காலையில் லேசாகத்தானே சாப்பிட்டேன்" என்று விழும் கூடுதல் கரண்டி சோறும் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி. பழைய டம்ளரிலிருந்து புதியதற்கு மாறி நாளுக்கு 400 கலோரி குறைந்தால் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ என்று காகிதத்தில் வரும். உடம்பு செலவைச் சுருக்கிக்கொள்வதால் நடப்பில் அதைவிடக் குறைவாகவே இறங்கும். முதல் வாரம் சட்டென்று குறைவது பெரும்பாலும் தண்ணீர். வாரம் ஒரு நாள், காலைக்கடன் முடித்து, எதுவும் சாப்பிடும் முன் எடை பாருங்கள். இடுப்புச் சுற்றளவையும் நாடாவால் அளந்து குறியுங்கள்; நம் நாட்டவருக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை.

யாருக்கு இந்த அளவு பொருந்தாது

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வாழைப்பழம், இளநீர் போன்றவற்றின் பொட்டாசியமும், கூடுதல் புரதமும் ஆபத்தாகலாம். மருத்துவர் சொல்லாமல் தொடங்கக் கூடாது. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் காலை உணவின் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். மருந்தளவை முதலில் பேசிக்கொள்ள வேண்டும். பச்சைக் கீரையைக் கைப்பிடி கைப்பிடியாக அரைத்துக் குடிப்பது இப்போது பரவுகிறது. பசலை போன்ற கீரைகளில் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். மற்றவர்களும் கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கூட்டாகச் சாப்பிடுவதே நல்லது. தைராய்டு மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கி, அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே தயிர்க் கிண்ணத்தை எடுங்கள். பால் பொருள் மாத்திரையை உடம்பில் சேரவிடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் எடை குறைக்கும் வேளை இதுவல்ல.

பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்களுக்கும், விடியற்காலையில் வலை இழுக்கும் ஆட்களுக்கும் 315 கலோரி போதவே போதாது. மணிக்கணக்கில் தண்ணீரில் நிற்கும் உடம்பு வேகமாகச் செலவழிக்கும். பாதியில் தலைசுற்றினால் கடலில் அது உயிர்ப் பிரச்சினை. அவர்களுக்கு இதே கிண்ணத்தில் பொட்டுக்கடலை மாவை 60 கிராமாக்கி, பூவன் பழம் இரண்டு, வறுத்த வேர்க்கடலை 20 கிராம் சேர்த்து, இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே சாப்பிடக் கொடுக்க வேண்டும். 670 கலோரி வரும். கரைக்குத் திரும்பியதும் கஞ்சியோ சோறோ வழக்கம்போல.